எங்கள் வீட்டு ஜெபம் இரண்டு முறை நின்ற கதை

1

துறையூர்ப் பக்கத்திலிருந்து மலைக்குப் போய்வரும் போதகர் ஐயா எனக்குக் கடிதம் எழுதி நான்கு மாதம் ஆகிறது. அக்கரைச் சீமையில் இருந்துகொண்டு குடும்ப ஜெபத்தையும் ஓய்வுநாளையும் நாங்கள் எப்படிக் கைக்கொண்டு வருகிறோம் என்று, மலையிலுள்ள சகோதரர்களுக்குப் பயன்படும்படி சபைப் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பக் கேட்டிருந்தார். உடனே எழுத என்னால் முடியவில்லை. அவர் கடிதம் என் கைக்கு வந்த அன்று எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நின்று ஏழு வாரம் ஆகியிருந்தது. நிறுத்தியவன் நான்தான்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் பிறந்தவன். பெற்றவர்கள் வைத்த பெயர் சீரங்கன். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர் சாமுவேல். பேராக்கில் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து பதினெட்டு வருஷம் நிறைந்துவிட்டது. முதலில் மரத்தைக் கீறிப் பால் வெட்டினேன். இப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி மருந்து கட்டும் வேலை. என் மனைவி மார்த்தாள் மலையிலிருந்து என்னோடு வந்தவள். மகள் கிரேஸ் இங்கேயே பிறந்தவள். பதினாலு வயது. டவுனில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவாள்.

நாங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நாளை வருஷம் தவறாமல் ஸ்தோத்திர ஜெபத்தோடு நினைவுகூருவது வழக்கம். இந்த வருஷமும் விளக்கு ஏற்றிப் பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தோம். வேதத்தில் ஒரு பகுதி வாசித்துவிட்டு நான் ஜெபித்தேன். எனக்கு ஜெபம் என்றால் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். "சாமி, எங்க ஊட்டுக்கு வாங்க. வந்து எங்ககூடக் குந்துங்க" என்று ஆரம்பித்தால்தான் மற்றவை வரும். அன்றைக்கு அப்படி ஆரம்பித்ததும் கிரேஸிடமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை.

ஆமென் சொன்ன பிறகு ஏன் சிரித்தாய் என்று கேட்டேன். அவள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பள்ளியில் ஜெபம் எவ்வளவு அழகாக நடக்கும், டீச்சர் எவ்வளவு மரியாதையான இங்கிலீஷில் பேசுவார் என்றெல்லாம் சொன்னாள். எங்கள் சபைக் கோயிலில் ஐயர்கூட அச்சுப் புத்தகத்துத் தமிழில்தானே ஜெபிக்கிறார் என்றாள். பிறகு விளையாட்டாகக் கேட்டாள்.

"ஊட்டுக்கு வாங்க, குந்துங்கன்னு சொன்னா சாமிக்குப் புரியுமாப்பா?"

புரியாவிட்டால் இனிமேல் வேண்டாம் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். மறுநாள் மார்த்தாள் விளக்கேற்றிப் பாய் விரித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் போய் உட்காரவில்லை. சற்று நேரம் பொறுத்திருந்து பாயைச் சுருட்டி வைத்தாள். மூன்றாம் நாள் அவளும் விரிக்கவில்லை.

ஒரு பெண்பிள்ளையின் சிரிப்புக்கு இவ்வளவு கோபமா என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். அந்த வார்த்தைகள் எனக்கு எப்படிக் கிடைத்தன என்று சொன்னால்தான் விளங்கும்.

2

நான் மலையில் இருந்த நாளில் காய்ச்சல் புகாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. மழை விட்டு வெயில் முகம் காட்டியதும் அது வந்துவிடும். மூன்று கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இனிப் பிழைக்கமாட்டான் என்று வீட்டார் கைவிட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கீழ்நாட்டு உபதேசியார் ஒருவர் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு புளியஞ்சோலை வழியாக ஏறி வந்தார். பெயர் தேவசகாயம். முன்கோபி. அட்டை கடித்தால் அலறுவார். இரண்டு அடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவர் எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஆறு நாள் படுத்திருந்து எனக்குக் கொயினா மருந்து கொடுத்தார். கஞ்சி ஊட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ மந்திரம் போடுகிறார் என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் எனக்குக் கண் தெளிந்தது. அன்று ஞாயிறு. அவர் அடுத்த ஊருக்குப் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். இவ்வளவு தூரம் ஏறி வந்தவர் ஏன் ஒரு நாளை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டேன். ஆறு நாள் தம்மாலேதான் எல்லாம் நடக்கிறது என்று தமக்குத் தோன்றிவிடுகிறது என்றும், ஏழாம் நாள் கையைக் கட்டி உட்கார்ந்தால்தான், நடத்துகிறவர் வேறொருவர் என்று தம் மண்டைக்கு ஏறுகிறது என்றும் சொன்னார். விதைப்பும் அறுப்புமாகவே வளர்ந்த எனக்கு அந்தப் பேச்சு விநோதமாக இருந்தது. ஆனால் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் புளியஞ்சோலை ஓடையில் நானும் மார்த்தாளும் ஞானஸ்நானம் பெற்றோம். எங்கள் பையனை அவள் இடுப்பில் வைத்திருந்தாள். அவனுக்குத் தாவீது என்று பெயர். மலையேறித் திரும்பி வந்தபோது ஊர் கூடியிருந்தது. எங்களுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக்கூடாது, ஏர் இரவல் தரக்கூடாது, நல்லது கெட்டதுக்கு வரக்கூடாது என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். அவர் எனக்குத் தூரத்து மாமன்தான். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் எழுந்தான். பொன்னன். அவன் காடும் என் காடும் ஒரே வரப்பு. பாறையில் தேன் எடுக்கப் போகும்போது நான் கயிற்றில் இறங்குவேன், அவன் மேலே நின்று பிடிப்பான். கயிறு பிடிக்கிறவன் கை தளர்ந்தால் இறங்கினவன் கதி என்ன ஆகும் என்பது மலையாட்களுக்குத் தெரியும்.

"சீரங்கன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கயித்துல தொங்கறப்ப நான்தானுங்க பிடிக்கோணும்" என்றான். "அதை உடச் சொல்லாதீங்க."

அவன் சொன்னதை ஊர் தள்ளவுமில்லை, ஏற்கவுமில்லை. நோன்புத் திருவிழா எடுக்கும்போது எங்கள் நாட்டுக் கோயிலில் சாமி தூக்கும் நாலு பேரில் பொன்னன் ஒருவன். முன்பு அவன் அப்பன் தூக்கினான், பிறகு அவன் தூக்கினான். அந்த வருஷம் அவன் இடத்தில் வேறு ஆளை நிறுத்தினார்கள். வேதத்துக்குப் போனவன் வீட்டில் புழங்குகிறவன் தோளில் சாமி ஏறாது என்றார்களாம். பொன்னன் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

3

இங்கே தோட்டத்தில் ஓய்வுநாள் என்பது பேருக்குத்தான். மழை பெய்து பால் வெட்டுத் தவறினால் அதை ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு லீவு. அந்த லீவு நாளிலும் கோயிலுக்குப் போய்வந்ததும் கீரைப் பாத்தியைக் கொத்துவேன், வேலி கட்டுவேன், கோழிக்கூடு செப்பனிடுவேன். கை சும்மா இருந்தால் மனம் எங்கெங்கோ போகும் என்ற பயம். அப்படிக் கொத்திக்கொண்டிருக்கும்போதெல்லாம் மலையில் கழிந்த ஒரு ஞாயிறுதான் ஞாபகம் வரும்.

சாமை அறுப்புக் காலம். ஏர் இரவல் கிடைக்காமல் நானும் மார்த்தாளும் கைக்கொத்தால் கிளறி விதைத்த காடு அது. சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் பாதிதான் அறுக்க முடிந்தது. ஞாயிறு காலையில் மேற்கே மேகம் திரண்டு வந்தது. மலையில் அந்த மேகத்தைப் பார்த்தால் குழந்தைகூட மழை என்று சொல்லிவிடும். மார்த்தாள் அரிவாளை எடுத்துக்கொண்டு நின்றாள். இன்று வேண்டாம் என்றேன். சாமை நனைந்து முளைவிட்டால் குளிர்காலத்தில் எதைத் தின்பது, பையனுக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டாள். ஓய்வுநாளைக் காப்பேன் என்று ஓடைக்கரையில் வாக்குக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். அது விசுவாசமா பிடிவாதமா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அப்போது பொன்னன் தன் அரிவாளோடு வந்தான்.

"நான் ஒண்ணும் வேதக்காரனில்லை. நான் அறுக்கறேன். நீ பாட்டுக்குக் குந்தியிரு" என்றான்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒப்பவில்லை. நீ வேர்வை சிந்த நான் உட்கார்ந்திருந்தால் அது எனக்கு ஓய்வாகாது, உன்னை வேலை வாங்கியதாகத்தான் ஆகும் என்று சொன்னேன். அவன் என்னை நன்றாகத் திட்டினான். கீழ்நாட்டான் உனக்கு மருந்தோடு கிறுக்கையும் கலந்து கொடுத்துவிட்டான் என்றான். திட்டி முடித்து அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோபத்தில் போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் போகவில்லை.

விவரம் தெரிந்த நாளிலிருந்து பகலில் சும்மா உட்கார்ந்தவர்கள் இல்லை நாங்கள். முதலில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பிறகு மெள்ளப் பேச்சு வந்தது. பொன்னன் பழைய தேன்வேட்டைக் கதை ஒன்றைச் சொன்னான். அதில் என்னைக் கோழையாக்கினான். நான் மறுத்தேன். மார்த்தாள் கோபத்தை மறந்து சிரித்தாள். மலைவாழைப் பழமும் கேழ்வரகுக் களியும் தின்றோம். தாவீதுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அவன் பொன்னன் முதுகைப் பிடித்து ஏறி, சாமி தூக்கிக் காய்ப்புக் காய்த்திருந்த அந்தத் தோளில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றான். பொன்னன் இறக்கிவிடவில்லை. "சும்மாக் கெடந்த தோளுதானே, இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான்.

பிற்பகலில் மழை வந்தது. மூன்று பேரும் கதவடியில் நின்று எங்கள் சாமை சாய்வதைப் பார்த்தோம். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அறுக்காமல் விட்டதில் முக்கால்வாசி முளைவிட்டுப் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டித்தான் பிழைத்தோம். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. பொன்னன் போன பிறகு, கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்க, மார்த்தாள் பையனை அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். நெற்றியில் சுருக்கமே இல்லாமல் தூங்கினாள். ஓய்வு என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அந்த முகம்தான் தோன்றும். பதினெட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணைக் கொத்தியவன் இதை எழுத வெட்கப்படவேண்டும்.

4

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தாவீதுக்குக் காய்ச்சல் வந்தது. உபதேசியார் வைத்துவிட்டுப் போன கொயினா தீர்ந்திருந்தது. அவரும் கீழே தம் ஊரில் காய்ச்சலாய்ப் படுத்திருந்தார். பொன்னன் ஓட்டமும் நடையுமாகத் துறையூர் போய் மருந்தைத் தேடிக்கொண்டு வந்தான். அவன் மருந்தோடு வாசலில் நிற்கும்போது பையன் போய் ஒரு நாழிகை ஆகியிருந்தது. நாலு நாள். பையன் காய்ச்சலில் கிடந்த அந்த நாலு நாளும் நான் எழுந்திருக்காமல் ஜெபித்தேன்.

ஊரில் யாரும் வரவில்லை. மார்த்தாளைப் பெற்றவர்கள்கூட எங்கள் வீட்டுக்கு வரும் கொடித்தடத்தின் கோடியில் நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த பலாமரத்தடியில் நானும் பொன்னனும் குழி வெட்டினோம். மார்த்தாள் அழவில்லை. பையன் பேரை அன்றைக்குப் பிறகு அவள் வாயால் சொல்லவில்லை. நான் சொன்னால் எழுந்து போய்விடுவாள். நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றி விட்டத்தில் செருகினேன். அதுவரை விளக்கு வைக்கும் நேரத்தில் மூவரும் உட்கார்ந்து ஜெபிப்போம். அந்த வழக்கம் அன்றோடு நின்றது. எங்கள் வீட்டு ஜெபம் முதல் தடவை நின்றது அப்போதுதான்.

பொன்னன் தினமும் காட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி எங்கள் வாசல்தான். பையன் போன நாலைந்து நாளுக்குப் பிறகு ஒரு சாயந்திரம், விளக்கு வைக்கும் நேரம் பார்த்து உள்ளே வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்காம் நாள் அவனே கேட்டான், ஏன் புத்தகத்தை எடுக்கவில்லை என்று. இனிமேல் எடுக்கப்போவதில்லை என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"உன்னால எனக்குக் கோயில்ல எடமில்லை. நான் அதுக்கு வருத்தப்படலை. ஆனா நானும் கும்பிடாம நீயும் கும்பிடாம ரெண்டு பேரும் இப்படிக் கெடந்தா எப்படிடா? ஒருத்தனாவது கும்பிடோணும். நீ கும்பிடு. நான் கூடக் குந்தியிருக்கறேன்."

எனக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. துக்கப்படவும் விடமாட்டேன் என்கிறானே என்று நினைத்தேன். ஆனால் அவன் எழுந்து போகிறவனாகத் தெரியவில்லை. விட்டத்திலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன். திறக்கவில்லை. ஜெபிக்க வாய் திறந்தால் உபதேசியார் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தையும் வரவில்லை. எதிரே பொன்னன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தபடியே, "சாமி, எங்க ஊட்டுக்கு வாங்க. வந்து எங்ககூடக் குந்துங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மார்த்தாள் அடுப்படியிலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

பொன்னன் மேலும் ஒன்றரை வருஷம், நாங்கள் மலையை விட்டு இறங்கும் வரைக்கும், அநேகமாக எல்லா நாளும் வந்து உட்கார்ந்தான். ஒருநாளும் கண்ணை மூடமாட்டான். கை கூப்பமாட்டான். நாங்கள் முடித்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போவான்.

அந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் என் மகள் சிரித்தாள்.

5

மலையை விட்டு ஏன் வந்தோம் என்று சிலர் கடிதத்தில் கேட்கிறார்கள். மார்த்தாளுக்கு மாதந்தோறும் காய்ச்சல் வந்து வயிற்றில் கட்டி விழுந்துவிட்டது. இன்னொரு மழைக்காலம் மலையில் இருந்தால் இவளையும் இழப்பாய் என்று உபதேசியார் சொன்னார். துறையூர்ப் பக்கம் ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் பேர் கொடுத்தோம். பொன்னன் எங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு புளியஞ்சோலை வரை இறங்கி வந்தான். ஓடையில் முகம் கழுவினான். மூட்டையை என் தலைக்கு மாற்றிவிட்டு ஏறத் தொடங்கினான். வளைவில் மறையும்வரை பார்த்தோம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நாகப்பட்டணத்தில் கப்பலேறும் முன் எழுதிக்கொண்ட குமாஸ்தா எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை என்றேன். நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டார். எங்கள் மலையில் எங்களை நாங்கள் சொல்லிக்கொள்வது மலையாளி என்றுதான். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். அதையே சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கொல்லம், மலையாளம் என்று எழுதிவிட்டார். எனக்கு அப்போது அது தெரியாது. தோட்டத்துக்கு வந்த மறுநாள் மத்தாயி என்ற, கணக்கு எழுதும் மலையாளக் கிராணி சம்பளப் பேரேட்டில் என் ஊரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று தன் பாஷையில் பேசினார். நான் விழித்தேன். அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் அந்தத் தப்பினால்தான் எங்களுக்குள் சிநேகம் உண்டாயிற்று. அவரும் கிறிஸ்தவர். வீட்டு ஞாபகம் வந்தால் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் மலையாளத்தில் ஜெபிப்பார், நான் மலைத்தமிழில் ஜெபிப்பேன். அவர்தான் எனக்கு மருந்துச் சீட்டு படிக்கிற அளவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். சில வருஷத்துக்கு முன் ஊர் திரும்பிவிட்டார்.

கிரேஸைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது இந்தத் தப்பைத் திருத்திவிடலாம் என்று மூன்று முறை டவுன் ஆபீசுக்கு நடந்தேன். முதல் முறை வேறு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாம் முறை கொல்லிமலை என்று ஓர் ஊர் இருப்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மூன்றாம் முறை அங்கிருந்தவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் கொல்லத்துக்காரன் இல்லை என்றால், இந்தக் காகிதத்தில் இருக்கும் சாமுவேலும் நான் இல்லை என்று ஆகும், பிறகு தோட்டத்தில் இத்தனை வருஷம் இருந்தது யார் என்ற கேள்வி வரும் என்றார். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளிப் பதிவில் என் மகளின் பூர்வீகம் கொல்லம். சிநேகிதிகளிடமும் அவள் அப்படித்தான் சொல்கிறாள்.

அதற்கு நான் அவளைக் குறை சொல்ல முடியாது. மலையைப் பற்றி நாங்கள் அவளுக்கு ஒன்றும் சொன்னதில்லை. மலை என்று பேச்செடுத்தால் எங்கே சுற்றினாலும் பலாமரத்தடியில்தான் வந்து நிற்கும். மார்த்தாள் முகம் கல்லாகிவிடும். ஒரு பேரை மூடி வைப்பதற்காக மலை முழுவதையும் மூடி வைத்துவிட்டோம். பொன்னனையும் அதோடு சேர்த்து மூடிவிட்டோம். என் ஜெபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிள்ளைக்கு அது சிரிப்பாகத்தானே இருக்கும். இது எனக்கு ஏழு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

6

போதகர் ஐயாவின் கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைக்குக் கிடைத்தது. முதல் பக்கத்தில் பத்திரிகைக்கு எழுதச் சொல்லியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் மலைச் சங்கதிகள். வளப்பூர் நாட்டில் இப்போது ஏழெட்டுக் குடும்பம் கூடுகிறார்களாம். ஊர்க்கட்டு தளர்ந்துவிட்டதாம். பொன்னன் சபையில் சேரவில்லையாம். ஆனால் ஞாயிறு தவறாமல் வந்து, கூட்டம் முடியும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பானாம். தலை நரைத்துவிட்டதாம். பேராக்கில் இருக்கும் சாமுவேலுக்கு எழுதப்போகிறேன், ஏதாவது சொல்லவேண்டுமா என்று ஐயா கேட்டதற்கு, ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னானாம். சீரங்கன் இன்னும் கும்பிடுகிறானா என்று.

மார்த்தாளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் நான் உரக்கப் படிப்பேன். அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். படித்து முடித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள். பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். சாயந்திரம்கூட ஆகவில்லை, நல்ல வெயில். கூடத்தில் விரித்துவிட்டு, பாடம் எழுதிக்கொண்டிருந்த கிரேஸைக் கூப்பிட்டாள். நானும் போய் உட்கார்ந்தேன். புத்தகம் மடியில் இருந்தது. பொன்னனுக்கு என்ன பதில் எழுதுவேன் என்ற நினைப்பில் எனக்கு வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஜெபிக்கிறவன் எப்போதும் நான்தான். மார்த்தாள் ஆமென் மட்டும் சொல்வாள். தனக்குச் சொல்லத் தெரியாது என்பாள். அன்றைக்கு அவள்தான் ஆரம்பித்தாள். கண்ணை மூடாமல், எதிரே யாரோ இருப்பதுபோலப் பேசினாள்.

"சாமி, எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. என்ற பையன் தாவீதை அந்தப் பலாமரத்தடியில உட்டுப்போட்டு வந்துட்டனுங்க. பேரைச் சொன்னா நெஞ்சு வெடிச்சுருமுன்னு இத்தனை வருசமாச் சொல்லாமயே இருந்துட்டேன். அவனைப் பாத்துக்குங்க. பொன்னண்ணனைப் பாத்துக்குங்க. இந்தப் புள்ளைக்கு அவங்களை ஆருன்னே தெரியாதுங்க. அது எங்க தப்புங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கிரேஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாவீது யார் என்று கேட்டாள்.

சொன்னோம். மார்த்தாள் தொடங்கினாள், நான் விட்ட இடங்களை நிரப்பினேன். ஓடையில் முங்கியது, ஊர் கூடியது, சாமை சாய்ந்தது, தோளில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது, கடைசி நாலு நாள், குழி வெட்டியது, பொன்னன் வந்து உட்கார்ந்தது எல்லாம் சொன்னோம். கிரேஸ் இடையில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். தனக்கு அண்ணன் இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த ஞாயிறு நான் மண்வெட்டியைத் தொடவில்லை. வெயில் இறங்கும்வரை மூவரும் அந்தப் பாயிலேயே இருந்தோம்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு கிரேஸே பாயை விரித்தாள். இன்று தான் ஜெபிப்பதாகச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் பேச வருமே தவிர, ஜெபத்துக்கான தமிழ் பழக்கமில்லை. நடுநடுவே இங்கிலீஷ் புகுந்தது. பாதியில் திணறி நிற்பாள், மறுபடி தொடங்குவாள். என்னையும் தாயையும் சொன்னாள், பொன்னன் மாமாவைச் சொன்னாள். பிறகு தாவீதுக்கு வந்தாள். பெரியவர்களை மரியாதையாகச் சொல்லவேண்டும் என்று நாங்கள் வளர்த்த பிள்ளை.

"எங்க அண்ணன் தாவீது அவங்க உங்ககிட்ட வந்திருக்காங்க. அவங்க நல்லா இருக்காங்களா? அவங்க சாப்பிட்டாங்களா?" என்றாள்.

மார்த்தாளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நாலு வயசுப் புள்ளைக்கு எதுக்கு கண்ணு அவங்க இவங்க எல்லாம்" என்றாள். "அவன், இவன்னே சொல்லு. அவனுக்கு அதுதான் புரியும்."

கிரேஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. மூவரும் பாயில் உட்கார்ந்து சிரித்தோம், ஜெபத்தின் நடுவிலேயே. கொஞ்சம் அடங்கியதும் கிரேஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் சாப்பிட்டானா?" என்று திருத்திக் கேட்டுவிட்டு, மிச்ச ஜெபத்தைச் சொல்லி முடித்தாள்.